வின்ச் மின்னோடி மாற்றீடு

வின்ச் மின்னோடி மாற்றீடு என்பது நாற்சக்கர இயக்க ஊர்திகளில் பொருத்தப்படும் வின்ச் எனும் இழுவைப்பொறியின் மின்னோடியைப் பழுது காரணமாக மாற்றுவதையும், அதன் இடத்தில் கூடிய திறனுள்ள மின்னோடி ஒன்றைப் பொருத்துவதையும் குறிக்கும். சேற்றிலோ மணலிலோ ஆற்றுப்படுகையிலோ சிக்கிக்கொண்ட ஊர்தி, தன் வடத்தை ஒரு மரத்திலோ வேறோர் ஊர்தியிலோ கட்டித் தன்னைத் தானே இழுத்து மீட்டுக்கொள்ள வின்ச் உதவுகின்றது. மின்னோடி இதன் ஒரு பாகம் மட்டுமே. வலுக்கூடிய மின்னோடியைப் பொருத்துவதால் பெரும்பாலும் கூடுவது வடம் சுற்றப்படும் வேகமேயாகும். வின்ச் பாதுகாப்பாக இழுக்கக்கூடிய எடை அதனால் கூடுவதில்லை. இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாது செய்யப்படும் மாற்றீடு வடம் அறுதல், பிரேக்கு பிடிக்காமற் போதல், மின்கம்பி தீப்பற்றுதல் ஆகிய இடர்களுக்கு வழிவகுக்கும்.

அமைப்பு

மின் வின்ச்சில் மின்னோடி, பற்சக்கரத் தொகுதி, பிரேக்கு, கிளட்ச், உருளை, வடம், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியன முதன்மையான பாகங்களாகும். மின்னோடி விரைவாகவும் குறைந்த திருப்புவிசையுடனும் சுழல்கின்றது. பற்சக்கரத் தொகுதி அவ்வேகத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு குறைத்துத் திருப்புவிசையைப் பெருக்குகின்றது. எடுத்துக்காட்டாக, வார்ன் நிறுவனத்தின் எம்8274 வின்ச்சில் மின்னோடி 134 முறை சுழலும்போது உருளை ஒரு முறை சுழலும்.

பற்சக்கரத் தொகுதி மூன்று வகைப்படும்.

- கோள் பற்சக்கரம்: நடுச்சக்கரம் ஒன்றைச் சுற்றிச் சிறுசக்கரங்கள் சுழலும் அமைப்பு. சிறிய இடத்தில் அடங்குவதால் இன்றைய வின்ச்சுகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவாகும்.
- நேர் பற்சக்கரம்: உராய்வு இழப்பு குறைந்தது. எம்8274 இவ்வகையைச் சார்ந்தது.
- புழுப் பற்சக்கரம்: உராய்வு இழப்பு மிகுதி. ஆயினும் உருளையின் பக்கமிருந்து மின்னோடியைச் சுழற்ற இயலாமையால், சுமையைத் தானே பிடித்து நிறுத்தும் இயல்புடையது.

மின்னோடி வகைகள்

ஊர்தி வின்ச்சுகளில் இருவகையான நேர் மின்னோட்ட மின்னோடிகள் பயன்படுகின்றன.

நிலைக்காந்த மின்னோடியில் காந்தப்புலத்தை நிலையான காந்தங்கள் தருகின்றன. இது விலை குறைந்தது. சிறு சுமைகளுக்குக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். ஆனால் வெப்பம் ஏறும்போது காந்தங்களின் வலிமை குறையும். மிகுந்த வெப்பத்தில் பெரும் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் அவ்வலிமையின் ஒரு பகுதி நிலையாகவே இழக்கப்படலாம். எனவே இவ்வகை, இலேசான அல்லது எப்போதாவது செய்யப்படும் பணிகளுக்கே ஏற்றது.

தொடர்ச்சுற்று மின்னோடியில் காந்தங்களுக்குப் பதிலாகப் புலச்சுருள்கள் உள்ளன. ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் சுருளும் புலச்சுருளும் தொடரிணைப்பில் இருப்பதால் ஒரே மின்னோட்டம் இரண்டிலும் பாய்கின்றது. சுமை கூடி மின்னோட்டம் உயரும்போது காந்தப்புலமும் உடன் உயரும். இதனால் காந்த இரும்பு தெவிட்டும் வரை, திருப்புவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் கூடுகின்றது. நின்ற நிலையிலிருந்து பெருஞ்சுமையை இழுக்க வேண்டிய வின்ச்சுக்கு இவ்வியல்பு மிகப் பொருத்தமானது. உந்து பொறிகளைத் தொடக்கும் ஸ்டார்ட்டர் மின்னோடிகளிலும் இவ்வமைப்பு நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. இதன் குறை, சுமையே இல்லாதபோது வேகம் கட்டுக்கடங்காது உயர்வதாகும்.

இவ்விரு வகைகளின் இணைப்பு முனைகளும் வேறுபடும். நிலைக்காந்த மின்னோடியில் நேர்முனை, எதிர்முனை ஆகியவற்றை இடம்மாற்றினாலே சுழலும் திசை மாறும். தொடர்ச்சுற்று மின்னோடியில் அவ்வாறு செய்தால் இரு சுருள்களிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்புவதால் திசை மாறாது. புலச்சுருளின் இணைப்பை மட்டும் திருப்ப வேண்டும். இதற்காக அதில் ஏ, எஃப்1, எஃப்2 என மூன்று முனைகளும் புவியிணைப்பு முனையும் உள்ளன. ஆகவே ஒரு வகையை எடுத்துவிட்டு மற்ற வகையைப் பொருத்துவோர் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெருமளவில் விற்கப்பட்ட படைத்துறை ஜீப்புகளே பொழுதுபோக்குக் கரடுமுரடுவழிப் பயணத்துக்கு அடித்தளமிட்டன. இந்த ஜீப்புகளின் முன்சக்கரங்களுக்குப் பூட்டு மையப்பகுதிகளைச் செய்வதற்காக ஆர்தர் வார்ன் 1948-ல் வாஷிங்டன் மாநிலத்தில் வார்ன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1959-ல் இந்நிறுவனம் பொழுதுபோக்கு ஊர்திகளுக்கான மின் வின்ச்சை வெளியிட்டது. 1974-ல் வெளிவந்த எம்8274, 8,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,630 கிலோகிராம் இழுவைத் தரமுடையது.

எம்8274-ன் மின்னோடி வெளிப்புறத்தில் எளிதாகக் கழற்றக்கூடியவாறு அமைந்திருந்தது. அதன் பிரேக்கு உருளைக்குள் அமையாமல் பற்சக்கர உறையில் அமைந்திருந்தது. இவ்விரு காரணங்களால் மின்னோடியை மாற்றி வேகத்தைக் கூட்ட விரும்பியோருக்கு இது ஏற்ற பொறியாயிற்று. 1997-ல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில், ஊர்தியை வின்ச்சால் இழுத்துக் கடக்கும் நேரம் வெற்றியைத் தீர்மானிக்கும் ஒன்றாக இருந்தது. இதனால் 6 குதிரைத்திறன் மின்னோடிகள், ஒரே பற்சக்கரத் தொகுதியில் இரு மின்னோடிகளைப் பொருத்தும் உறைகள் முதலியன வேறு தயாரிப்பாளர்களாலும் விற்கப்படலாயின. இப்போட்டியின் இந்தியப் பிரிவு 2014-ல் கோவாவில் தொடங்கப்பட்டது.

2018-ல் வார்ன் நிறுவனம் தன் 70ஆம் ஆண்டையொட்டி எம்8274-70 எனும் பதிப்பை வெளியிட்டது. இதில் 6 குதிரைத்திறன் மின்னோடி இடம்பெற்றது. இழுவைத் தரம் 10,000 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 4,540 கிலோகிராமாக உயர்ந்தது. இவ்வுயர்வு மின்னோடியோடு பிற பாகங்களையும் சேர்த்து மறுவடிவமைத்ததால் கிட்டியதாகும்.

பழுதடையும் விதம்

வின்ச் இயங்காதபோது மின்னோடியே பழுதடைந்ததாகக் கருதப்படுவது வழக்கம். எனினும் மின்கலத்தின் வலுக்குறைவு, துருவேறிய இணைப்பு முனைகள், ஒட்டிக்கொண்ட அல்லது கருகிய வரிச்சுருள் ஆளிகள் ஆகியனவும் அதே அறிகுறிகளைக் காட்டும். ஆளியை அழுத்தும்போது கட்டுப்பாட்டுப் பெட்டியில் "டக்" எனும் ஒலி கேட்டும் மின்னோடி சுழலாவிடில், மின்னோட்டம் மின்னோடியின் முனைகளை வந்தடைகின்றதா என்பதை முதலிற் சோதிக்க வேண்டும்.

மின்னோடியிலேயே ஏற்படும் பழுதுகளுள் முதன்மையானவை பின்வருமாறு:

- கார்பன் தூரிகைகள் தேய்தல், அல்லது துருவினால் அவற்றின் கூடுகளுக்குள் இறுகிக்கொள்ளுதல். மாதக்கணக்கில் பயன்படுத்தாத வின்ச்சுகளில் இது மிகுதி.
- நீர் புகுதல். இழுத்துச் சூடேறிய மின்னோடி ஆற்றுநீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்குவதால், அடைப்புகளின் வழியே நீர் உறிஞ்சப்படுகின்றது.
- மிகு வெப்பத்தால் சுருள்களின் காப்புப்பூச்சு கருகுதல். கருகிய நாற்றம் இதன் அடையாளமாகும்.
- திசைமாற்றியின் செப்புத் தகடுகள் தேய்தல் அல்லது பொங்கி எழுதல்.

முதலாவது பழுதுக்குப் புதிய தூரிகைகளே போதுமானவை. சுருள் கருகிய மின்னோடியை மறுசுற்று செய்யலாம். ஆயினும் மறுசுற்றுச் செலவு புதிய மின்னோடியின் விலையை நெருங்கும்போது மாற்றீடே சிக்கனமானது.

திறனும் இழுவைத் தரமும்

வின்ச்சின் இழுவைத் தரம் என்பது உருளையின் மேல் வடத்தின் முதல் அடுக்கு மட்டுமே இருக்கும்போது கிடைக்கும் பெரும இழுவிசையாகும். அடுக்குகள் கூடக்கூட ஆரம் கூடி இழுவிசை குறைகின்றது. 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 8 மில்லிமீட்டர் வடம் சுற்றப்பட்டால், முதல் அடுக்கில் வடத்தின் நடுக்கோட்டு ஆரம் 36 மில்லிமீட்டர். நான்காம் அடுக்கில் அது 60 மில்லிமீட்டர். எனவே நான்காம் அடுக்கில் இழுவிசை முதல் அடுக்கில் உள்ளதன் 60 விழுக்காடே. ஊர்தியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுவைத் தரம் வேண்டும் எனப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். 2,400 கிலோகிராம் எடையுள்ள ஊர்திக்கு 3,600 கிலோகிராம் தரம் தேவை.

இத்தரம் பற்சக்கரங்கள், தண்டு, பிரேக்கு, வடம், பொருத்துத் தகடு ஆகிய அனைத்தின் வலிமையையும் கருதி வகுக்கப்படுகின்றது. 8,000 பவுண்டு வின்ச்சுகளில் வழக்கமாக இருக்கும் 8 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிவடத்தின் முறிவு வலிமை ஏறத்தாழ 4,400 கிலோகிராம் ஆகும். இழுவைத் தரத்துக்கும் வடம் அறும் நிலைக்கும் இடையிலான வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. வலுக்கூடிய மின்னோடி பொருத்தப்பட்டால், அது திணறி நிற்பதற்கு முன் வடம் அந்த எல்லையை அடைந்துவிடக்கூடும். அறுந்த எஃகுவடம் சாட்டையைப் போல் வீசி உயிர்ச்சேதம் விளைவிக்க வல்லது. பழைய மின்னோடி திணறி நிற்பதே ஒருவகைப் பாதுகாப்பாக இருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மின் வழங்கல்

மின்னோடியின் மேல் அச்சிடப்படும் குதிரைத்திறன், தேவையான மின்சாரம் தடையின்றிக் கிடைத்தால் மட்டுமே பெறக்கூடியது. ஒரு குதிரைத்திறன் 746 வாட்டு. 6 குதிரைத்திறன் ஏறத்தாழ 4,480 வாட்டு. இழப்பே இல்லை எனக் கொண்டாலும் இதற்கு 12 வோல்ட்டில் 373 ஆம்பியர் வேண்டும். உண்மையில் இழப்புகள் பெரியவை.

ஓர் எடுத்துக்காட்டு: 3,600 கிலோகிராம் இழுவிசையுடன் வடம் நிமிடத்துக்கு 2 மீட்டர் நகர்ந்தால் செய்யப்படும் பணியின் வீதம் ஏறத்தாழ 1.2 கிலோவாட்டு. அப்போது மின்னோடி 10 வோல்ட்டில் 400 ஆம்பியர் எடுத்தால் உட்செல்லும் திறன் 4 கிலோவாட்டு. எஞ்சிய 2.8 கிலோவாட்டு வெப்பமாகின்றது. அதில் 2 கிலோவாட்டு 8 கிலோகிராம் எடையுள்ள மின்னோடியிலேயே தங்கினால், அதன் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 பாகை செல்சியசு உயரும். மூடிய உறைக்குள் காற்றோட்டம் இல்லாமையால், சிறிது நேரம் இழுத்துப் பின் ஆறவிடுவது வின்ச் இயக்கத்தின் அடிப்படை விதியாகின்றது. கூடிய திறனுள்ள மின்னோடிக்கும் இவ்விதி பொருந்தும்.

ஊர்தியின் ஆல்டர்னேட்டர் இம்மின்னோட்டத்தின் ஒரு பகுதியையே தரும். அது 100 ஆம்பியர் தந்தால் எஞ்சிய 300 ஆம்பியரை மின்கலம் தர வேண்டும். ஒரு நிமிட இழுவையில் 5 ஆம்பியர்-மணி செலவாகும். இழுவையின்போது உந்து பொறியை நிறுத்தாமல் இயக்கிவைப்பதும், பெரிய மின்னோடிகளுக்கு இரண்டாம் மின்கலம் ஒன்றை இணைப்பதும் இதனாலேயே.

மின்கம்பியின் தடிப்பும் முக்கியமானது. 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பி, போகவர 4 மீட்டர் நீளமிருந்தால், அதன் மின்தடை ஏறத்தாழ 2 மில்லியோம். 400 ஆம்பியரில் 0.8 வோல்ட்டு வீழ்ச்சியும் 315 வாட்டு வெப்பமும் உண்டாகும். 70 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இவை பாதியாகும். பழைய கம்பியுடன் புதிய மின்னோடியை இயக்கினால் எதிர்பார்த்த வேகம் கிடைக்காது. கம்பியின் காப்பு உருகவும் கூடும். வரிச்சுருள் ஆளிகளும் புதிய மின்னோட்டத்தைத் தாங்குவனவாக இருத்தல் வேண்டும். அவை ஒட்டிக்கொண்டால் ஆளியை விட்ட பின்னும் வின்ச் நிற்காது இழுக்கும். மின்கலத்தின் அருகே கையால் துண்டிக்கக்கூடிய முதன்மை ஆளி ஒன்றைப் பொருத்துவது இந்நிலையில் உயிர்காக்கும்.

பிரேக்கும் வெப்பமும்

கோள் பற்சக்கர வின்ச்சுகள் பலவற்றில் பிரேக்கு உருளையின் உள்ளே உள்ளது. சுமையுடன் வடத்தை வெளிவிடும்போது மின்னோடி பிரேக்கின் உராய்வை எதிர்த்தே சுழல்கின்றது. வேகம் கூடிய மின்னோடி அதே தொலைவைக் குறைந்த நேரத்தில் கடப்பதால் வெப்பம் வெளியேற நேரமிருப்பதில்லை. எஃகுவடம் இவ்வெப்பத்தைத் தாங்கும். மீயுயர் மூலக்கூற்று எடைப் பாலியெத்திலீன் இழைகளாலான செயற்கை வடமோ ஏறத்தாழ 145 முதல் 150 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு மிகவும் முன்னதாகவே வலிமையை இழக்கத் தொடங்கும். உருளையை ஒட்டிய அடுக்கிலேயே இச்சேதம் நிகழ்வதால் வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது.

பிரேக்கு ஒரு திசையில் மட்டுமே சுமையைப் பிடிக்குமாறு அமைக்கப்படுகின்றது. புதிய மின்னோடியில் எஃப்1, எஃப்2 முனைகள் இடம்மாறி இணைக்கப்பட்டால் உருளை எதிர்த்திசையில் சுழலும். அந்நிலையில் வடம் உருளையின் தவறான பக்கத்திலிருந்து சுற்றப்பட்டு ஊர்தி இழுபடவும் கூடும். ஆனால் ஆளியை விட்டவுடன் பிரேக்கு பிடிக்காமல் ஊர்தி சரிவில் பின்னோக்கி ஓடும். மாற்றீட்டின்போது நேரும் பிழைகளுள் மிக இடர்மிக்கது இதுவேயாகும்.

இரட்டை மின்னோடியும் 24 வோல்ட்டும்

போட்டி ஊர்திகளில் இரு மின்னோடிகள் ஒரே பற்சக்கரத்தைச் சுழற்றுமாறு அமைக்கப்படுவதுண்டு. சுமை இரண்டுக்கும் பகிரப்படுவதால் ஒவ்வொன்றும் குறைந்த திருப்புவிசையுடன் விரைவாகச் சுழல்கின்றது. அதே இழுவைக்கு மொத்த மின்னோட்டம் ஒற்றை மின்னோடியினதை விட மிகுதி.

24 வோல்ட்டு மின்னோடி அதே திறனைப் பாதி மின்னோட்டத்தில் பெறுவதால் கம்பியிலும் ஆளியிலும் இழப்பு குறையும். படைத்துறை ஊர்திகளிலும் பாரவுந்துகளிலும் 24 வோல்ட்டு அமைப்பு இருப்பதால் அவற்றின் வின்ச்சுகளும் அவ்வாறே அமைகின்றன. ஆனால் 12 வோல்ட்டுக்கென அமைந்த மின்னோடியை 24 வோல்ட்டில் இயக்கினால் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். சுமையற்ற நிலையில் ஆர்மேச்சரின் சுருள்கள் மையவிலக்கு விசையால் பிதுங்கி மின்னோடி சிதையலாம்.

மாற்றும் முறை

புதிய மின்னோடியை வாங்குமுன் அதன் தண்டின் வடிவம், நீளம், பொருத்துத் துளைகளின் இடைவெளி, சுழலும் திசை, முனைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பழையதுடன் ஒப்பிட வேண்டும். தண்டு அறுகோணமாகவோ, சாவியுடனோ, நெடும்பற்களுடனோ இருக்கலாம். தண்டு சில மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் இணைப்பி இறுகிப் பிரேக்கு முழுமையாகப் பிடிக்காமற் போகக்கூடும்.

1. வடத்தில் சுமை ஏதுமில்லை என்பதை உறுதிசெய்து மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும்.
2. மின்கம்பிகளை அடையாளமிட்ட பின்னரே கழற்ற வேண்டும். முனையின் கீழ்த்திருகை ஒரு சாவியால் பிடித்துக்கொண்டு மேல்திருகை மற்றொன்றால் திருக வேண்டும். முனை சுழன்றால் உள்ளிருக்கும் சுருளின் இணைப்பு அறுந்துவிடும்.
3. மின்னோடியின் மரையாணிகளைக் கழற்றி அதை நேராக வெளியே இழுக்க வேண்டும். இணைப்பியும் அடைப்பு வளையமும் எவ்வாறு அமைந்திருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளல் நன்று.
4. இணைப்பியின் தேய்வையும் பற்சக்கர உறைக்குள் நீர் புகுந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். நீர் கலந்த மசகு பால்நிறமாக இருக்கும்.
5. புதிய அடைப்பு வளையத்துடன் மின்னோடியைப் பொருத்தி, மரையாணிகளை எதிரெதிராகச் சிறிதுசிறிதாக இறுக்க வேண்டும்.
6. கம்பிகளை முன்னிருந்தவாறே இணைத்து, முனைகளுக்கு நீர்காப்பு மசகு இட்டு, இறுதியில் மின்கலத்தை இணைக்க வேண்டும்.

சோதனை

முதலில் சுமையின்றி இரு திசைகளிலும் சில நொடிகள் மட்டும் இயக்கி, ஆளியில் குறிக்கப்பட்ட திசையும் உருளை சுழலும் திசையும் ஒன்றாக உள்ளனவா எனப் பார்க்கப்படுகின்றது. தனியாகக் கழற்றி வைத்த தொடர்ச்சுற்று மின்னோடியைச் சோதிப்பதாயின், அதைப் பிடிப்பியில் இறுக்கிய பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும். இல்லையேல் தொடக்கத் திருப்புவிசையால் அது துள்ளிவிடும்.

அடுத்து இலேசான சரிவில் ஊர்தியைச் சிறிது மேலே இழுத்து ஆளியை விட வேண்டும். ஊர்தி நகராமல் நின்றால் பிரேக்கு பிடிக்கின்றது எனக் கொள்ளலாம். இச்சோதனையின்போது ஊர்தியின் கீழ்ப்புறத்தில் எவரும் நிற்கலாகாது. ஓட்டுநர் காலை ஊர்தியின் பிரேக்கில் வைத்திருத்தல் வேண்டும். வடத்தின் நடுவில் கனத்த துணியையோ தடுப்புப் பையையோ போடுவது, வடம் அறுந்தால் அதன் வீச்சைத் தணிக்கும்.

பிற வழிகள்

தேவை கூடிய இழுவிசையாயின், மின்னோடியை மாற்றுவதை விடக் கப்பியைப் பயன்படுத்துவது எளிதும் மலிவுமாகும். வடத்தை மரத்தில் கட்டிய கப்பி வழியாகச் செலுத்தி மீண்டும் ஊர்தியிலேயே கட்டினால், உராய்வு நீங்கலாக இழுவிசை இருமடங்காகும், வேகம் பாதியாகும். அதே சுமைக்கு மின்னோடி குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். மேலும் உருளையிலிருந்து கூடுதல் வடம் வெளியேறுவதால் கீழ் அடுக்கின் கூடிய இழுவிசையும் கிட்டும்.

நெடுநேரம் தொடர்ந்து இழுக்க வேண்டிய பணிகளுக்கு நீரியல் வின்ச்சும், உந்து பொறியிலிருந்து நேரடியாகத் திறன்பெறும் இயந்திர வின்ச்சும் ஏற்றவை. இவை மின்கலத்தை நம்பியிருப்பதில்லை; மின்னோடி சூடேறும் சிக்கலும் இவற்றில் இல்லை. ஆனால் உந்து பொறி நின்றுவிட்டால் இவையும் நின்றுவிடும். ஆற்றின் நடுவே பொறி அணைந்த ஊர்தியை மின்கலத்தின் வலுவால் மட்டுமே மீட்க வல்லது என்பதே மின் வின்ச்சின் தனிச்சிறப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- நேர் மின்னோட்ட மின்னோடி
- கோள் பற்சக்கரம்
- கப்பி
- நாற்சக்கர இயக்கம்